டேப்பு சாரின் கருஞ்சிவப்புக் கார்

என் அக்கா புருஷனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். ரப்பர். ரப்பர் செருப்பு, ரப்பர் பாய், பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர் இவற்றோடெல்லாம் அவருக்குத் தகராறு கிடையாது. பந்தயக் காரின் பின் சக்கரத்தில் சூடாகி, இளகி, பிய்ந்து பறந்து வந்து பெயிண்டின் மேல் அப்பிக்கொள்கிற ரப்பர் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தழுதழுத்துவிடும். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஏமாற்றிய தம்பியைப் பற்றிக்கூட மனிதர்கள் இவ்வளவு நொந்து பேச மாட்டார்கள்.

முறைப்படி அவர் எனக்கு அத்தான். அத்தானைக் கேலி செய்ய மச்சினிக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நான் இத்தனை வருஷமாகக் கொஞ்சமும் வீணாக்கியதில்லை. பந்தய மைதானத்தில் மற்றவர்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் டேப்பு சார். அந்தப் பெயர் மட்டும் நான் வைத்ததில்லை. வைத்திருக்க வேண்டியது, கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டார்கள்.

அவருக்கு உத்தியோகம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில். மோதி நசுங்கிய கார்களைப் போய்ப் பார்த்து, நஷ்டம் எவ்வளவு, தப்பு யாருடையது என்று சொல்லுகிற சர்வேயர். கதவு பிய்ந்து தொங்குகிற ஒரு காருக்குப் பக்கத்தில் அதன் சொந்தக்காரர் கண்ணீரும் கம்பலையுமாக நின்றுகொண்டிருப்பார். அத்தான் குனிந்து, நிமிர்ந்து, கைவிளக்கை அடித்துப் பார்த்து, "கதவு சரி. ஆனா கீழ இந்தக் கீறல் பழசு மாதிரி இருக்கே" என்பார். மற்றவர்கள் காரில் எல்லாக் கீறலும் அவருக்குப் பழசு. எல்லா ஒடுக்கும் போன வருஷம் விழுந்தது. இப்படி ஊரார் காரின் காயத்தையெல்லாம் நாள் முழுக்கத் தட்டிக் கழித்துவிட்டு வீட்டுக்கு வருகிற மனுஷன், தன் கார்மேல் ஒரு பூனை ஏறி இறங்கினால் பூனையைத் துரத்திக்கொண்டு போய் அதன் நகத்தைப் பார்ப்பார்.

அந்தக் கார் கருஞ்சிவப்பு. இரண்டே கதவு, பின் சக்கரங்களில் ஓடுகிற பழைய ரகம். யாரோ ஒருவர் அதைக் கொண்டுபோய் மரத்தில் மோத, "இது இனிமேல் தேறாது" என்று எழுதிக் கொடுத்தவர் இவர்தான். பிற்பாடு அதை ஏலத்தில் எடுத்தவரும் இவர்தான். அதைப் பற்றி யாராவது கேட்டால் உடனே வானத்தைப் பார்த்து மழை வருமா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். பெயிண்ட் அடிக்கிறவரிடம் மூன்று முறை திருப்பி அனுப்பி, கடைசியில் அந்த மனிதர் "சார், என்னை விட்டுடுங்க, எனக்குக் குடும்பம் இருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் நிறம் சரியாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்.

உண்மையாகவே நல்ல நிறம்தான். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பார்க்கத்தான் ஆள் இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் நிற்கிற காரை யார் பார்ப்பார்கள்? பந்தய மைதானத்துக்குக் கொண்டுபோனால் ஆட்கள் சுற்றி நின்று படம் எடுப்பார்கள், "என்ன பெயிண்ட் சார்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் அத்தான் பந்தயக்காரர் ஆனார். வேகத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் மிதிவண்டி ஓட்டியபோதே பின்னால் நடந்து வந்தவர்கள் முந்திப் போயிருக்கிறார்கள் என்று அக்கா சொல்லுவாள்.

மைதானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, விமானங்கள் வராமல் கைவிடப்பட்ட பழைய ஓடுபாதை. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் நேராகப் பறக்க வேண்டும். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது, மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிடும். அந்த ஒரு மூச்சு ஓட்டத்துக்கென்று பின் சக்கரத்துக்குத் தனி டயர் உண்டு. மெத்தென்று இருக்கும், தொட்டால் விரல் பிசுபிசுக்கும். ஆனால் அது சும்மா இருக்கும்போது தரையைப் பிடிக்காது. முதலில் தரையில் தண்ணீர் ஊற்றிய இடத்தில் நனைத்து, காரை நின்ற இடத்திலேயே நிறுத்திவைத்துப் பின் சக்கரத்தை மட்டும் சுற்றவிட்டு, புகை மண்டும்வரை சூடேற்ற வேண்டும். பர்ன்அவுட் என்பார்கள். சூடேறினால்தான் பிடிக்கும். சூடேற்றினாலோ ரப்பர் பொடிப்பொடியாகத் தெறிக்கும். தெறித்தது சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற பெயிண்டில் போய் உட்கார்ந்து, ஆறியதும் அங்கேயே குடித்தனம் நடத்தும்.

இதற்காக மற்றவர்களும் ஏதோ செய்யத்தான் செய்கிறார்கள். ஓடுவதற்கு முன் மெழுகு பூசுகிறார்கள். சக்கரத்துக்குப் பின்னால் பெயிண்டர்கள் ஒட்டுகிற நீல டேப்பில் ஒரு துண்டை ஒட்டுகிறார்கள். ஓடி முடிந்ததும் டேப்பைப் பிய்த்தெறிந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அத்தான் டேப் ஒட்டினால் கதவு விளிம்பில் ஆரம்பித்து டிக்கியைச் சுற்றி பம்பர் வளைவுவரை போவார். அதன்மேல் பழத்தைச் சுற்றுகிற கண்ணாடித் தாள். அந்தத் தாளின் ஓரத்துக்கு மறுபடி டேப். முன்பாதி கல்யாணத்துக்குப் புறப்பட்டது போலவும், பின்பாதி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தது போலவும் கார் நிற்கும். காட்டுவதற்கென்று கொண்டுவந்த பெயிண்டை ஒட்டி மறைத்துவிட்டு, எவ்வளவு அழகாக மறைத்திருக்கிறேன் என்று அதையும் காட்டுவார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த டயர் பிசுபிசுவென்று இருப்பதால் வழியில் கிடக்கிற பொடிக்கல்லையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்ப் பெயிண்டின்மேல் வீசும். அதனால் மைதானத்துக்குச் சாதாரண டயரில் வந்து, ஒரு மூலையில் பாய் விரித்து டயரை மாற்றுவார். மாற்றிய இடத்திலிருந்து பந்தய வரிசைவரை கார் ஊர்ந்து போகும்போது, முன்னால் என் அக்கா துடைப்பத்தோடு பெருக்கிக்கொண்டே போக வேண்டும். வாரம் முழுக்க மருந்துக் கடையில் நின்று, டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிற என் அக்கா, லீவு நாளில் ஒரு காருக்கு வழி பெருக்கினாள். நாங்கள் போகிற பாதையைப் பார்த்து அங்கிருந்தவர்கள் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். மரியாதையினால் அல்ல, சிரிப்பை அடக்குவதற்காக.

"அக்கா, உனக்கே இது நல்லா இருக்கா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"விடுடி. வருஷத்துல ரெண்டு நாள். மத்த நாள்ல அவர் நல்லாத்தான் இருக்கார்."

வருஷத்தில் இரண்டே நாள் ஓட்டம் என்பதற்கும் காரணம் அந்தப் பெயிண்ட்தான். இவ்வளவு மூடியும் எங்காவது ஒரு இடுக்கில் கடுகு அளவு ரப்பர் ஒட்டியிருக்கும். அதை எடுக்க ஒரு திரவம், ஒரு களிமண் உருண்டை, பழைய பிளாஸ்டிக் அட்டை, பிறகு பாலிஷ், பிறகு மெழுகு. கீழ்த்தளத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டால் சாப்பிடக்கூட மேலே வர மாட்டார். அக்கா தட்டைக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு ஓட்டத்தின் அழுக்கை எடுத்து முடிக்கும்போது அடுத்த ஓட்டம் வந்துவிடும்.

முதலில் அவரேதான் ஓட்டினார். பெயிண்ட் போய்விடும் என்று பர்ன்அவுட்டே போட மாட்டார். பச்சை விளக்கு எரிந்ததும் சக்கரம் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். எதிராளி முடிவுக் கோட்டைத் தாண்டி, ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது இவர் வந்து சேருவார். ஒரு நாள் அவருடைய மகள், "அப்பா, ஒரே ஒரு தடவை நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள். ஏதோ நல்ல மூடில் சரி என்றுவிட்டார். அவள் ஓட்டியதைப் பார்த்து, அதுவரை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை. அதிகம் பேசாத பெண். ஊசியைப் பார்த்துப் பயந்து நடுங்குகிறவர்களைச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தே சமாதானப்படுத்திவிடுவாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாலும் அதே நிதானம்தான். அத்தானுக்கு அவளைப் பற்றிப் பெருமை இல்லாமல் இல்லை. "என் பொண்ணு காருக்கு வலிக்காம ஓட்டுவா" என்று சொல்லிக்கொள்வார். வேகமாக ஓட்டுவாள் என்று ஒரு நாளும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் நடக்கிற பேரத்தை மீன் சந்தையில்கூடப் பார்க்க முடியாது.

"ரெண்டு எண்ணற வரைக்கும்தான் சுத்தணும்."

"அப்பா, அஞ்சு வரைக்குமாவது எண்ணணும். இல்லேன்னா டயர் சூடாகாது, பிடிக்காது."

"பிடிக்கும். பிடிக்கிற டயர்னு சொல்லித்தான வித்தான்?"

"சூடானா பிடிக்கும்னு சொன்னான்."

"ரெண்டு."

கடைசியில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எங்கேயோ முடியும். அந்த அரைச் சூட்டு டயரை வைத்துக்கொண்டே அவள் பாதி ஓட்டங்களை ஜெயித்தாள். முழுச் சூட்டில் அவள் என்ன செய்வாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் ஒருவர் இருந்தார். அத்தான் காருக்கு எஞ்சின் கட்டிக் கொடுத்த பட்டறைக்காரம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவர், கிரீஸ் படிந்த கையோடு எல்லோரையும் அதட்டுகிறவர். அவருக்குச் சொந்தமாக ஒரு பந்தயக் கார் உண்டு, மாதாமாதம் ஓடும். அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட, அந்த இடத்துக்கு ஆள் தேடினார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது இவளைக் கூப்பிட்டு, "அடுத்த ஓட்டத்தை ஒழுங்கா ஓட்டிக் காட்டு. பாத்துட்டு அங்கயே சொல்லிடறேன்" என்றார்.

அந்தச் சேதியை அவள் முதலில் என்னிடம்தான் சொன்னாள். "சித்தி, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஓட்டி நான் எப்போ கத்துக்கறது? இது கிடைச்சா மாசாமாசம். இது போனா, இனிமே யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தானிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பெண் பிள்ளை, மாதாமாதம், ஆபத்து, அப்படி ஏதாவது சொல்வார் என்று நாங்கள் பதிலோடு காத்திருந்தோம்.

"அந்தம்மா கார்ல பெயிண்டே கிடையாதே" என்றார்.

அது வாஸ்தவம்தான். பட்டறைக்காரம்மாவின் கார் பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற சாம்பல் பூச்சோடு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் வருஷக்கணக்கான ரப்பர் தேன்கூடு மாதிரி கட்டிக் கிடந்தது. அத்தான் அந்தக் காரைக் கடந்து போகும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அந்த நாள் வந்தது. அன்றைக்குக் காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. அத்தான் வழக்கமான டேப், தாள் எல்லாவற்றோடும் புதிதாக ஒரு ஸ்ப்ரே மெழுகும் வாங்கி வந்திருந்தார். அதை அடித்துவிட்டால் ஈகூட வழுக்கி விழும் என்று டப்பாவில் போட்டிருந்ததாம். அக்கா பெருக்கினாள். கார் வரிசைக்கு வந்து நின்றது. மகள் இறங்கி, ஈரத்துணியால் இரண்டு பின் டயரையும் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். ஓட்டுகிறவர் டயரைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது அங்கே சட்டம் மாதிரி. பிறகு உள்ளே ஏறி, தோளிலும் இடுப்பிலும் வாரைப் போட்டு இறுக்கிக்கொண்டாள். அதற்குமேல் அவளால் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாது.

முன்னால் இருந்த கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அப்போது காற்றில் இடது பக்க டேப்பின் ஓரம் எழும்பிப் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அத்தான் பதறிப்போய் அதைப் பிய்த்தார். பிய்த்த வேகத்தில் ஒரு முழம் கூடவே வந்துவிட்டது. திரும்ப ஒட்ட நேரமில்லை. வெறுமையாகத் தெரிந்த பெயிண்டின்மேல் அந்தப் புது மெழுகைச் சரமாரியாக அடித்தார். பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். பொடிக்கல் பொறுக்குகிறார் என்று நினைத்தேன். அதுவும் அவர் வழக்கம்தான்.

எழுந்து ஜன்னலுக்குப் போனார். "எண்ணி ரெண்டு. சரியா கண்ணு?"

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அஞ்சு. அவங்க பாக்கறாங்கப்பா."

"ரெண்டு. நீ ஓட்டற ஓட்டுக்கு அது போதும்."

அப்பா பேச்சை மீறி அவளுக்குப் பழக்கமில்லை. பந்தயத்தில் எவ்வளவு துணிச்சலோ, வீட்டில் அவ்வளவு அடக்கம்.

தண்ணீர் ஊற்றிய இடத்தில் சக்கரம் சுற்றியது. பால் பொங்கி அடங்குகிற மாதிரி கொஞ்சம் புகை கிளம்பி உடனே அடங்கிவிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த பட்டறைக்காரம்மா உச்சுக்கொட்டி, "டயர் இன்னும் தூங்குது" என்றார். கார் கோட்டுக்குப் போய் நின்றது. விளக்கு பச்சையானது.

கார் முன்னால் போகவில்லை, பக்கவாட்டில் போனது. பின்பக்கம் இடது புறமாக இழுத்துக்கொண்டு ஓரத்துக் காங்கிரீட் சுவரைப் பார்த்து வழுக்கியது. அக்காவின் விரல்கள் என் கையை இறுக்கின. மகள் பிரேக்கை மிதித்திருந்தால் முடிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். மிதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற அளவு இடம் இருக்கும்போது காரை நேராக்கி நிறுத்தினாள். எதிராளி எப்போதோ போய்விட்டான்.

அத்தான் ஓடினார். அவர் ஓடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவரைப் பற்றி இவ்வளவு நேரம் வாய்க்கு வந்தபடி சொன்ன நான் இதையும் சொல்ல வேண்டும். அவர் காரின் பின்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கதவைத் திறந்து, வாரை அவிழ்த்து, அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம்கூட வந்தது. அதோடு அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

காரைத் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவந்தோம். பட்டறைக்காரம்மா குனிந்து இடது டயரில் விரலை வைத்துத் தேய்த்து, விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"வழவழன்னு ஏதோ இருக்கு" என்றார். "டயரைப் பாக்காம ஏறினியா?"

"துடைச்சுட்டுத்தான் ஏறினேன்" என்றாள் அவள்.

"அப்புறம் இது எங்கேருந்து வந்துச்சு? சுவர்கிட்ட நீ காரைப் பிடிச்ச பாரு, அதை நான் பாத்தேன். அதுல குறை இல்ல. ஆனா டயரைப் பாக்காம ஏறற ஆள் எனக்கு வேணாம். எஞ்சின் போனா இன்னொண்ணு கட்டிக்கலாம், ஆள் போனா நான் என்ன பண்றது?" பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு இதுதான தொழில். நீங்கதான் பக்கத்துலயே இருந்தீங்க. தப்பு யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க. உங்க வார்த்தையை நான் எடுத்துக்கறேன்."

அத்தான் டயரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். சுற்றிலும் கூடிவிட்ட ஆட்களைப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் வருஷக்கணக்காக அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள். அவர் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்து போனது. பிறகு நிமிர்ந்தார். மனுஷன் போய்விட்டார், சர்வேயர் வந்து நின்றார்.

"இந்த மாதிரி கேஸ்ல ஒரு பக்கமா சொல்ல முடியாது" என்றார். "தப்புல கார் பக்கம் அம்பது பர்சன்ட். ஓட்டினவங்க பக்கம் அம்பது."

எல்லோர் முன்னாலும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி. பெற்ற பெண்ணின் வாழ்க்கையையும் இந்த மனுஷன் இரண்டு வண்டி உரசிய கேஸ் மாதிரி பாதியாக்கி மடித்துக் கொடுத்துவிட்டார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கணக்கில் தப்புப் போட்ட பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு பட்டறைக்காரம்மாவிடம், "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் சரியா துடைக்கலபோல. என் தப்புதான்" என்றாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"நில்லுடி" என்றாள் அக்கா.

அக்கா இந்த மைதானத்தில் வாயைத் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. துடைப்பம் பேசியது மாதிரி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க. அவ அம்பது என்னன்னு அவ சொல்லிட்டா. உங்க அம்பது என்ன?"

"கார் பக்கம்னுதான் சொன்னேன். என் பக்கம்னு சொல்லலையே."

"கார் தானா எழுந்து போய் என்ன பண்ணுச்சு?"

அத்தான் மென்று விழுங்கினார். "மெழுகு அடிச்சேன். காத்துல கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருக்கலாம்."

"போயிருக்கலாமா, போச்சா?"

"போச்சு."

"பாத்தீங்களா?"

அக்கா காத்திருந்தாள். மருந்துக் கடையில் கூட்டம் நெரிக்கும்போதுகூட எழுத்து விளங்கும்வரை சீட்டை விடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் அவள்.

"பாத்தேன்" என்றார் அத்தான். "துடைச்சேன். முழுசாப் போகல."

"போகலன்னு தெரிஞ்சும் ஏன் அவகிட்ட சொல்லல?"

"சொன்னா..." என்று ஆரம்பித்தார். "சொன்னா அதை எரிச்சு எடுக்கறேன்னு அஞ்சு எண்ணிச் சுத்துவா. பத்துகூட எண்ணுவா. அந்த இடத்துல டேப் வேற இல்ல. பெயிண்டெல்லாம்..."

எனக்கு வந்தது சிரிப்பு இல்லை, கோபம்கூட இல்லை, பயம். அந்தச் சுவர் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

மகள் திரும்பி வந்து அவர் எதிரில் நின்றாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதானேப்பா என் தப்புன்னு ஒத்துக்கிட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் அத்தானுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பட்டறைக்காரம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில பட்டறைக்கு வந்துடு" என்றார் அவளிடம். "டயரை நீயே துடை. துடைச்சப்புறம் யாரையும் பக்கத்துல விடாத. யாரா இருந்தாலும் சரி." அத்தான் இருந்த பக்கம் அவர் பார்க்கவே இல்லை. கூட்டம் மெல்லக் கலைந்தது. அன்றைக்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். டேப்பு சாரைப் பார்த்துச் சிரிக்க அதுவரை அவர்களுக்கு எவ்வளவோ கிடைத்திருந்தது.

அக்கா என் கையையும் மகள் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க மூணு பேரும் பட்டறைக்காரம்மா வேன்லயே போறோம்" என்றாள் அத்தானிடம். குரலை உயர்த்தவில்லை. "நீங்க காரைப் பாத்துக்குங்க."

"நானும் இதோ டயரை மாத்திட்டு..." என்றார் அவர்.

"மெதுவா மாத்துங்க" என்றாள் அக்கா.

வேன் கிளம்பியது. பெண்கள் மூன்று பேரும் பின் இருக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம் டேப் இல்லாத இடத்தில் வெயில் பட்டுப் பெயிண்ட் பளபளத்தது. ஒரு துளி ரப்பர் கிடையாது, ஒரு கீறல் கிடையாது. அத்தான் அதைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.